வாப்டா பனிப்புலத்தில் ஓர் இரவு: ஸ்கீயில் ஏறிப் போய்க் கூடாரம் போட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்கரி, எட்மண்டன் பக்கம் வேலைக்கு வந்து, ஓரிரு குளிர்காலம் பனிச்சறுக்குப் பழகி, அடுத்து என்ன என்று யோசிக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நிறையப் பேர் கேட்பது சறுக்குவதைப் பற்றி. பனியாற்றின் (மெதுவாக நகரும் பெரிய பனிக்கட்டிப் பரப்பின்) மேல் ஓர் இரவு தங்கி வருவதில் சறுக்கலின் பங்கு சின்னது. தண்ணீர் காய்ச்சுவது, தரையைக் குத்திப் பார்ப்பது, கையுறையை ஈரமாகாமல் வைத்திருப்பது, நேரத்துக்குத் திரும்புவது போன்ற மெதுவான வேலைகளில்தான் பயணம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் இருக்கிறது. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

வாப்டா எங்கே இருக்கிறது?

கனடாவின் ராக்கி மலைத்தொடரில், பான்ஃப், யோஹோ என்ற இரண்டு தேசியப் பூங்காக்களின் எல்லையில் கிடக்கும் பெரிய பனிப்புலம். கண்டத்தின் நீர்ப்பிரிமேடு இதன் மேல்தான் போகிறது. கிழக்கே உருகும் தண்ணீர் போ ஆறாகவும் மிஸ்டாயா ஆறாகவும் இறங்கி, சஸ்காச்சவான் வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. மேற்கே உருகுவது யோஹோ, கிக்கிங் ஹார்ஸ், கொலம்பியா என்று ஆறு மாறி பசிபிக்கில் சேர்கிறது. கால்கரிக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி போ ஆற்றிலிருந்து வருவது, ஆகவே அங்கே இருப்பவர்களுக்கு இது தூரத்து மலை இல்லை.

லேக் லூயிஸ் தாண்டி ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே எனப்படும் 93 வடக்கு நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் போ ஏரி வந்துவிடும். வண்டியை நிறுத்தி, உறைந்த ஏரியின் மேல் ஸ்கீயில் நடக்கத் தொடங்கினால் அன்று மாலைக்குள் பனியாற்றின் மேல் நிற்கலாம். சாலைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு அகலமான, பெரும்பாலும் மிதமான சரிவுள்ள பனியாறு கிடைப்பது அபூர்வம். முதல் தடவைக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். வடக்கிலிருந்து தெற்கு வரை முழுக்கக் கடந்து போகும் வாப்டா டிராவர்ஸ் மூன்று, நான்கு நாள் வேலை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கீயில் எப்படி மேலே ஏற முடியும்? வழுக்கிக் கீழே வந்துவிடாதா?

ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற நீளமான துணிப்பட்டையை ஒட்டுவார்கள். அதன் ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே இழுத்தால் பிடிக்கும். காலணியை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கில் அதன் முன்பகுதி மட்டும் பூட்டியிருக்க, குதிகால் விடுபட்டிருக்கும், அதனால் நடப்பது போலவே ஏறலாம். உச்சிக்குப் போனதும் ஸ்கின்னைக் கழற்றி, குதிகாலைப் பூட்டி, சறுக்கி இறங்குவீர்கள். இப்போது பெரும்பாலும் எல்லோரும் போடும் லேசான ஊசி பைண்டிங் ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய வடிவத்தின் வழி வந்தது.

ஒரு விஷயம் பழகிக்கொண்டு வாருங்கள்: கிக் டர்ன். செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஸ்கீயைத் தூக்கி எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். முதுகில் பதினெட்டு கிலோ இருக்கும்போது அதை முதன்முதலாக முயன்று பார்ப்பது நல்லதல்ல. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா மேட்டிலேயே பழகலாம்.

ரிசார்ட்டில் நன்றாகச் சறுக்குவேன். அது போதுமா?

சறுக்கலுக்குப் போதும். நடுத்தரச் சிரமமுள்ள நீல நிறப் பாதைகளில் எந்தப் பனியிலும் விழாமல் இறங்கத் தெரிந்தால் வாப்டாவின் சரிவுகளைச் சமாளிக்கலாம், அங்கே செங்குத்தைவிடச் சிரமம் தருவது முதுகுச் சுமையும், காற்றில் இறுகி உடைந்துபோகும் மேல்பனியும். ஆனால் மற்றதெல்லாம் ரிசார்ட் சொல்லித் தராது. அவலாஞ்ச் கனடா அமைப்பின் பாடத்திட்டப்படி நடக்கும் ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் (மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவது) பயிற்சி கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது போக, பனிப்பிளவில் (பனியாற்றில் விழும் ஆழமான வெடிப்பில்) விழுந்தவரைத் தூக்கும் பயிற்சியைக் குழுவில் குறைந்தது இரண்டு பேராவது எடுத்திருக்க வேண்டும். ஏன் இரண்டு? தெரிந்தவர் ஒருவரே இருந்து, அவரே விழுந்துவிட்டால்?

இதெல்லாம் இல்லையென்றால் கனடா மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்று பெற்ற வழிகாட்டியோடு போங்கள். செலவுதான். நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கக்கூடியது, அந்த இரண்டு நாளில் கற்பது பல வருடத்துக்கு உதவும்.

எந்த மாதம் போவது?

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. அதற்கு முன் பகல் குட்டை, குளிர் கடுமை, பனிப்பிளவுகளை மூடும் பனியும் மெலிசு. மே மாதத்திலும் போகிறார்கள், ஆனால் மதியத்துக்குள் பனி குழைந்து, கீழே ஓடை திறந்துகொள்ளத் தொடங்கும். ஏப்ரலில் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இருப்பது பெரிய வசதி. இரவு மைனஸ் 15 சாதாரணம், மைனஸ் 25க்கும் தயாராக இருங்கள்.

ராக்கியின் இந்தப் பகுதி கடலிலிருந்து தூரம். அதனால் பனி குறைவாகவும் காற்று குளிராகவும் இருக்கும். மெல்லிய பனிப்போர்வையின் அடியில் தரை பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே மைனஸ் இருபது. இந்த வித்தியாசத்தால் உள்ளே ஈரம் மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பதத்துக்கு மாறிவிடுகின்றன. நவம்பரில் உருவான அந்தப் பலவீனமான அடுக்கு ஏப்ரல் வரை கீழே காத்திருக்கலாம். கடலோர மலைகளில் கற்றவர்கள் இங்கே வந்து தடுமாறுவது இதனால்தான். கூடவே, பனி குறைவு என்றால் பிளவுகளின் மேலுள்ள பனிப்பாலமும் மெலிசு.

குடில்கள் இருக்கும்போது கூடாரம் எதற்கு?

நியாயமான கேள்வி. கனடா ஆல்பைன் கிளப் நடத்தும் போ, பெய்ட்டோ, பால்ஃபர், ஸ்காட் டங்கன் குடில்கள் இந்தப் பனிப்புலத்திலும் அதன் தெற்குத் தொடர்ச்சியிலும் இருக்கின்றன. முதல் தடவை என்றால் போ குடிலில் தங்குங்கள் என்றே நான் சொல்வேன். ஆனால் வார இறுதிகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், தவிர கூடாரத்தில் தங்கத் தெரிந்தவர் குடிலைத் தவறவிட்டாலும் தாக்குப்பிடிப்பார். காற்றில்லாத இரவில், நிலா வெளிச்சத்தில், சுற்றிலும் வெள்ளையாக விரிந்த அந்த இடத்தில் இருப்பது வேறு அனுபவம், அதை நான் மறுக்க மாட்டேன்.

பூங்காவுக்குள் நுழையும் சீட்டு வேறு, மலைக்குள் இரவு தங்கும் அனுமதி வேறு. இரண்டையும் பார்க்ஸ் கனடாவிடம் வாங்க வேண்டும். குடில் என்றால் ஆல்பைன் கிளப்பில் முன்பதிவு. குடிலுக்கு எவ்வளவு தள்ளிக் கூடாரம் போடலாம் என்பதையும் அனுமதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் பாதை எப்படி இருக்கும்? எவ்வளவு நேரம்?

போ ஏரியைக் குறுக்காகக் கடப்பது முதல் பகுதி. தட்டை, எளிது, காற்றடித்தால் முகம் எரியும். பிறகு ஓடையை ஒட்டி ஒரு குறுகலான பள்ளத்தாக்கு வரும். அதற்கு மேலே இருபுறமும் பனி விழக்கூடிய சரிவுகள் இருக்கின்றன, இங்கே உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நிற்காமல் போக வேண்டும். அதைத் தாண்டினால் பனியாறு விட்டுப்போன மொரெய்ன் என்ற கல்மேடுகள் சூழ்ந்த அகன்ற கிண்ணம் போன்ற இடம், அதன் கோடியில் ஒரு செங்குத்தான ஏற்றம், மேலே குடில். ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 400 மீட்டர் உயர ஏற்றம்.

நேரம் கணக்கிட சுவிஸ் மலைக்காரர் வெர்னர் முன்டரின் முறை எளிது: ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்று, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்று, கூட்டி நான்கால் வகுத்தால் ஏறும் நேரம். எட்டும் நான்கும் பன்னிரண்டு, ஆகவே மூன்று மணி நேரம். ஆனால் இது நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கு. முகாம் சுமையோடு, புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிலுக்கு மேலே இன்னொரு ஏற்றம் ஏறினால்தான் பனியாற்றின் சமதளம் வரும், அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஏரிக்கரையில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போடலாம். பத்தரைக்கு வந்து சேர்ந்து வண்டியருகே சாமான் பிரித்துக்கொண்டிருந்தால் அன்று குடிலோடு நிறுத்திக்கொள்வதே சரி, அதுவும் இடம் பதிவு செய்திருந்தால்.

பனிச்சரிவுக்கு என்ன முன்னேற்பாடு?

கிளம்பும் முந்தைய மாலையும் அன்று காலையும் பான்ஃப், யோஹோ, கூட்னிப் பகுதிக்கான பனிச்சரிவு அறிக்கையைப் படியுங்கள். ஆபத்து ஐந்து படிகளாக இருக்கும். மூன்றாம் படி, கன்ஸிடரபிள் என்பது நடுவில் இருப்பதால் பலர் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மனிதர்கள் மேலே நடந்தாலே சரியக்கூடும் என்பது அதன் அர்த்தம், முதல் முகாம் பயணத்துக்கு அந்த நாள் வேண்டாம்.

பலகைபோல் உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில்தான் உண்டாகின்றன. வாப்டாவின் மேல்தளம் அதைவிடச் சாய்வு குறைந்தது, அதனால் நிம்மதி. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி அப்படியில்லை என்பதை மேலே சொன்னேன்.

ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), சவல் (பனியை வெட்டி அள்ளும் கருவி) மூன்றும் இருக்க வேண்டும். பீக்கன் உடம்போடு, ஏரிக்கரையிலேயே ஆன் செய்து, ஒருவர் நின்று மற்ற எல்லோருடையதையும் சோதித்து அனுப்ப வேண்டும். போனைப் பீக்கனிடமிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது அரை மீட்டர். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதன் பிறகு மளமளவென்று குறைகிறது. மீட்புக் குழு ஹெலிகாப்டரில் வரும் நேரம் அதைவிட அதிகம். ஆகவே காப்பாற்றப் போவது கூட வந்தவர்தான். அவருக்குச் சவல் பிடித்து வேகமாக வெட்டத் தெரியுமா என்று கிளம்பும் முன் பாருங்கள். பீக்கன் தேடலைவிட வெட்டி எடுப்பதற்குத்தான் நேரம் போகிறது, இதைப் பயிற்சியில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பனிப்பிளவில் விழுந்துவிடுவோமா? எப்போதும் கயிறு கட்ட வேண்டுமா?

பனியாறு மெதுவாக நகர்கிறது. மேடு தாண்டிக் கீழே வளையும் இடத்தில் அது இழுபட்டு வெடிக்கிறது, அந்த வெடிப்புகள்தான் பிளவுகள். எனவே குவிந்து வளையும் இடங்களையும் ஓரங்களையும் சந்தேகிக்க வேண்டும், தட்டையாகவும் லேசாகக் குழிந்தும் இருக்கும் இடங்கள் ஓரளவு பாதுகாப்பு.

இது வெறும் புத்தக பயம் இல்லை. 1897 ஆகஸ்டில் இதே பனிப்புலத்தின் கோர்டன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழு இறங்கும்போது, சார்லஸ் தாம்சன் என்பவர் தலைகீழாகப் பிளவுக்குள் விழுந்து இறுகிக்கொண்டார். குழுவிலிருந்த நார்மன் காலி என்ற வேதியியலாளரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி அவரை மீட்டார்கள். போ ஏரிக்குப் பக்கத்தில் தெரியும் தாம்சன் சிகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, கயிறு. ஏறும்போது கட்டுங்கள், மூட்டத்தில் கட்டாயம் கட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில், தெரிந்த தடத்தில் சறுக்கி இறங்கும்போது பெரும்பாலான குழுக்கள் அவிழ்த்துவிடுகின்றன, ஏனென்றால் கயிறு கட்டிக்கொண்டு சறுக்கினால் ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளுவீர்கள். ஆனால் கயிறு கோக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸை எப்போதும் போட்டிருக்க வேண்டும். குழுவின் ஒரே கயிறு முதலில் போகிறவரின் பையில் இருக்கக் கூடாது, அவர் விழுந்தால் கயிறும் அவரோடு போய்விடும். இரண்டு பேர் மட்டுமே போவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. ஒருவர் விழுந்தால் மேலே இருப்பவர் தனியாக அவர் எடையைத் தாங்கிக்கொண்டே பனியில் குழி வெட்டி, ஸ்கீயைக் குறுக்காகப் புதைத்து நங்கூரம் போட்டு, இழுப்பு அமைக்க வேண்டும். நான்கு பேர் நல்ல எண்ணிக்கை.

ஸ்கீயைக் கழற்றாதீர்கள். நீளமான ஸ்கீ உங்கள் எடையைப் பரப்புகிறது, கழற்றி இறங்கிய காலடிதான் பாலத்தை உடைக்கும். போட்டோ எடுக்கவோ சிறுநீர் கழிக்கவோ நாலடி தள்ளிப் போகும்போது நடக்கும் விபத்துகள் இவை.

கூடாரத்தை எங்கே, எப்படிப் போடுவது?

இடம் தேர்ந்ததும் முதல் வேலை, கயிற்றிலேயே இருந்தபடி ப்ரோப்பை எடுத்து முகாமிடப் போகும் பரப்பு முழுவதையும் அரை மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியில் குத்திப் பார்ப்பது. கம்பி சீராக இறங்கிக் கடினமான பனிக்கட்டியில் முட்டினால் நல்லது. திடீரென்று பிடிப்பில்லாமல் உள்ளே போனால் கீழே வெற்றிடம், அங்கிருந்து நகருங்கள். சோதித்த எல்லையை நாலு மூலையிலும் ஸ்கீ, கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். அந்த எல்லைக்குள் மட்டும்தான் கயிறில்லாமல் நடக்கலாம். கழிப்பறை இடமும் அதற்குள்ளேயே வர வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், எல்லை தாண்டிப் போவது அதற்காகத்தான்.

பிறகு தரையை ஸ்கீயால் மிதித்து இறுக்கி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மிதித்த பனி தானாக இறுகும். விடாமல் உடனே படுத்தால் இரவில் இடுப்பு ஒரு பள்ளத்தில், தோள் இன்னொரு பள்ளத்தில். சாதாரண முளைகள் பனியில் நிற்காது. துணிப்பைகளில் பனியை நிரப்பிக் கயிற்றோடு புதைத்து மிதித்தால் காலையில் பிடுங்க வெட்ட வேண்டியிருக்கும் அளவுக்குப் பிடிக்கும். காற்று வரும் பக்கம் பனிக்கட்டிகளை அறுத்து இடுப்பளவு சுவர் வையுங்கள், கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இல்லாவிட்டால் சுவர் தாண்டி விழும் பனி கூடாரத்தின் மேலேயே குவியும். வாசல் முன்னறையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினால் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பூட்ஸ் மாட்டலாம். சின்ன வேலை, பெரிய சுகம்.

இதெல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். சறுக்கிக் களைத்து ஐந்து மணிக்குத்தான் முகாமுக்கு வருவோம் என்று திட்டமிடாதீர்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

பனியை உருக்குவதுதான் ஒரே வழி. ஒருவருக்கு மாலை, இரவு, மறுநாள் பகல் எல்லாம் சேர்த்து நான்கு லிட்டர் வேண்டும். நான்கு பேருக்குப் பதினாறு. மைனஸ் 10 டிகிரிப் பனியை ஒரு லிட்டர் கொதிநீராக்கத் தேவைப்படும் வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது, பனியை உருக்குவதற்கு மட்டுமே போய்விடுகிறது. வீட்டில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிய அனுபவத்தை வைத்து எரிபொருள் கணக்குப் போட்டால் இரண்டாம் நாள் காலையில் காலியாக நிற்பீர்கள். வெள்ளை பெட்ரோல் (ஒயிட் கேஸ் என்று விற்கும் அடுப்பு எரிபொருள்) என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி வைத்துக்கொள்வேன், கூடவே ஒரு நாளுக்கான உபரி.

கேஸ் சிலிண்டர் அடுப்பு பற்றிக் கேட்கிறார்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12ஐ ஒட்டி, புரோப்பேன் மைனஸ் 42. கலவை சிலிண்டரில் குளிரில் முதலில் புரோப்பேன் எரிந்து தீரும், அப்புறம் சிலிண்டரில் திரவம் இருந்தும் சுடர் செத்துப்போகும். சிலிண்டரைத் தலைகீழாக வைத்துத் திரவமாகவே எடுக்கும் அடுப்புகள் இதைத் தாங்கும். எதுவானாலும் கடும் குளிருக்கு நான் நம்புவது பம்ப் அடிக்கும் பெட்ரோல் அடுப்பைத்தான்.

பாத்திரத்தில் வெறும் பனியைப் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள், அடியில் தீய்ந்த வாசம் வரும். பாட்டிலில் மிச்சம் வைத்திருக்கும் கொஞ்சம் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பனியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதனால் பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை குடித்துத் தீர்க்கக் கூடாது. அடுப்புக்கு அடியில் சின்னப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் அது தன் குழியைத் தானே உருக்கிச் சாய்ந்துவிடும். பனி எடுக்கும் இடம் ஒரு பக்கம், கழிக்கும் இடம் எதிர்ப்பக்கம் என்று வந்தவுடனேயே பேசி முடிவு செய்யுங்கள்.

மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவது தெரியாமலே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வெளியே பனியில் ஒரு சமையல் குழி வெட்டிக்கொள்ளுங்கள். புயலில் வேறு வழியே இல்லையென்றால் முன்னறையில், கதவின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் திறந்தபடி.

என்ன சாப்பிடலாம்?

பசிக்கும், ஆனால் சமைக்கப் பொறுமை இருக்காது. வெந்நீர் ஊற்றினால் ஆகும் எதுவும் சரி. ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உப்புப் போட்டுப் பையில் கட்டிக்கொண்டு போனால் கொதிநீரில் ஐந்து நிமிடத்தில் உப்புமா. நெய் குளிரில் உறைந்தாலும் கெடாது, கலோரி அதிகம். அவலும் அப்படியே. கடலைமிட்டாய் மைனஸ் பதினைந்தில் கல்லாகிவிடும், சட்டைப்பைக்குள் வைத்திருந்து தின்னுங்கள். படுக்கப் போகும் முன் கொழுப்புச் சேர்ந்த ஏதாவது சாப்பிட்டால் நடுராத்திரிக் குளிர் குறையும்.

தூங்க முடியுமா?

முதல் இரவு அரைத்தூக்கம்தான், அதை எதிர்பார்த்தே போங்கள். மைனஸ் 20க்கான ஸ்லீப்பிங் பேக்கை வாடகைக்கு எடுத்துவிட்டு, கீழே விரிக்கும் பாயில் சிக்கனம் பிடிக்கிறார்கள், அது தலைகீழ் கணக்கு. உடம்புச் சூடு கீழே பனிக்குத்தான் போகிறது. மடக்கும் நுரைப்பாய் ஒன்று, அதன் மேல் காற்றடைத்த பாய் ஒன்று, இரண்டும் வேண்டும். காற்றுப்பாய் ஓட்டையானாலும் நுரைப்பாய் காப்பாற்றும்.

பூட்ஸின் உள்லைனர், ஈரக் கையுறை, ஸ்கின், போன், பீக்கன் எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வர வேண்டும். ஸ்கின்னை வெளியே விட்டால் காலையில் அதன் பசை ஒட்டாது, ஒட்டாத ஸ்கின்னோடு ஏற முடியாது. வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றைக் கால்மாட்டில் வையுங்கள், காலையில் அதுவே உறையாத குடிநீர். வெளியே வைக்கும் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் பிடிக்கும், மூடி திறக்க வரும்.

கழிப்பறை?

மலத்தைப் பையில் கட்டி எடுத்து வர வேண்டும். அதற்கென்றே ஜெல் தூள் போட்ட இரட்டைப் பைகள் விற்கிறார்கள். பனியாற்றில் புதைப்பது அழிவதில்லை, பல வருடம் கழித்துக் கீழே ஆற்றில்தான் வந்து சேரும். அந்த ஆறு எங்கே போகிறது என்பதை முதல் பதிலில் சொன்னேன். சிறுநீருக்குத் தனி பாட்டில் கூடாரத்துக்குள்ளேயே, மேலே பெரிதாக அடையாளம் ஒட்டி. பெண்களுக்கான புனல்களும் கிடைக்கின்றன, வீட்டில் ஒரு முறை பழகிவிட்டு எடுத்துப் போங்கள்.

எதிரே எதுவும் தெரியாத வெள்ளை மூட்டம் வந்தால்?

வாப்டாவில் இது வரும். வானமும் தரையும் ஒரே வெள்ளை, சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்றே கண்ணுக்குத் தெரியாது, நின்றுகொண்டிருக்கும்போதே தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. மரமில்லை, பாறையில்லை, தடம் பத்து நிமிடத்தில் காற்றில் மூடிப்போகும்.

வீட்டிலேயே பாதையை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, காகித வரைபடத்திலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் திசைக்கோணம் எழுதி வையுங்கள். போகும்போது பதிவான உங்கள் சொந்தத் தடம்தான் திரும்ப வர நல்ல வழி. மூட்டத்தில் கயிறு கட்டி, முன்னே போகிறவரைப் பின்னால் இருப்பவர் திசைகாட்டி பார்த்து இடம் வலம் சொல்லி நடத்த வேண்டும். வேகம் பாதியாகும். ஆனால் உணவும் எரிபொருளும் இருந்து, சோதித்த முகாமும் இருந்தால், கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதே பெரும்பாலும் நல்ல முடிவு. திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்பதற்காக மூட்டத்தில் இறங்கத் தொடங்குவதுதான் நான் மிகவும் பயப்படுவது. திங்கட்கிழமைக்கும் சேர்த்து விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வெயிலுக்குப் பழகிய தோல், சன்ஸ்கிரீன் வேண்டுமா?

வேண்டும், கறுப்போ சிவப்போ எல்லாத் தோலுக்கும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் ஏற ஏற அதன் வீச்சும் கூடும். கீழிருந்து அடிப்பதால் மூக்குக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழும் வேகும். கண் அதைவிட முக்கியம். பக்கவாட்டு மூடிய, மிக இருட்டான நான்காம் வகை வெயில் கண்ணாடி போடாமல் சில மணி நேரம் நடந்தால் அன்று இரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் வலித்து, மறுநாள் திறக்க முடியாது. மேகமாக இருக்கிறதே என்று கழற்றுபவர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. ஆளுக்கு ஒன்று போகக் குழுவுக்கு ஒரு கண்ணாடி உபரி.

உயரத்தால் மூச்சு வாங்குமா?

முகாம் 2,500 மீட்டர் அளவில், கோர்டன் சிகரம் 3,203 மீட்டர். லேசான தலைவலி, பசியின்மை சிலருக்கு வரலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தும் கூடினால் இறங்கிவிடுங்கள்.

போன் வேலை செய்யுமா? ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

சிக்னல் கிடையாது, ஏரிக்கரையிலேயே இல்லை. இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஒன்று குழுவுக்கு அவசியம், எஸ்ஓஎஸ் பொத்தான் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பார்க்ஸ் கனடாவின் மலை மீட்புக் குழு மிகத் திறமையானது, ஹெலிகாப்டரில் நீளக் கயிற்றில் தொங்கி வந்து எடுப்பார்கள். ஆனால் மூட்டத்திலும் இரவிலும் அவர்களாலும் வர முடியாது. அதனால் அடிபட்டவரை ஓர் இரவு சூடாக வைத்திருக்கத் தேவையானது உங்களிடம் இருக்க வேண்டும். ஊரில் ஒருவரிடம் பாதை, குழுவினர் பெயர், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விரல் வெளுத்து உணர்விழந்தால் தேய்க்காதீர்கள். அக்குளிலோ நண்பரின் வயிற்றிலோ வைத்துச் சூடேற்றுங்கள். ஆழமாக உறைந்துவிட்டால், மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக்காமல் இறங்கி மருத்துவரிடம் போவதே நல்லது.

சாமான் எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். டூரிங் ஸ்கீ, பூட்ஸ், பீக்கன், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் கால்கரியில் வாடகைக்குக் கிடைக்கும். காசு போட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் காலுக்குச் சரியான பூட்ஸ், மற்றதெல்லாம் பிறகு. பை 15லிருந்து 18 கிலோவுக்குள் நிற்க வேண்டும், இருபதைத் தாண்டினால் எதையோ இரண்டு பேர் தனித்தனியாகத் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம், அடுப்பு, பாத்திரம், கூடாரம், கயிறு எல்லாம் பகிர வேண்டியவை. ரப்பர் ஸ்கீ பட்டைகள் நாலு, பைண்டிங்குக்கான திருப்புளி, கம்பி, டேப் கட்டாயம். உடைந்த பைண்டிங்கோடு இடுப்பளவு பனியில் எட்டு கிலோமீட்டர் நடந்து பார்க்கத் தேவையில்லை.

எப்போது திரும்ப வேண்டும் என்று எப்படி முடிவெடுப்பது?

முடிவை மலையில் எடுக்காதீர்கள், முந்தின இரவு வீட்டில் எடுங்கள். இரண்டு மணிக்குள் குடிலைத் தாண்டாவிட்டால் மேலே போவதில்லை. பள்ளத்தாக்கில் புதிதாக விழுந்த பனிச்சரிவு தெரிந்தால், காலடியில் பனி உம்மென்று அமுங்கும் சத்தம் கேட்டால், அங்கேயே திரும்பல். எழுதி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். குழுவில் மிகப் புதியவர் பயமாக இருக்கிறது என்றால் அவரிடம் காரணம் கேட்கக் கூடாது, திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு விதியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, இதை ஏற்காதவர்களோடு போவதுமில்லை.

பனியாறுகள் உருகுகின்றனவாமே, பழைய தடங்களை நம்பலாமா?

நம்பாதீர்கள். பனிப்புலத்தின் வட பக்கம் இறங்கும் பெய்ட்டோ பனியாற்றை விஞ்ஞானிகள் 1960களிலிருந்து அளந்து வருகிறார்கள், உலகிலேயே நீண்ட காலம் கவனிக்கப்பட்ட பனியாறுகளில் அது ஒன்று. அதன் பெரும்பகுதி போய்விட்டது, முனை பின்வாங்கிய இடத்தில் புதிதாக ஓர் ஏரியே தேங்கி நிற்கிறது. பழைய வரைபடத்தில் பனியாறு என்று இருக்கும் இடத்தில் இப்போது தண்ணீரோ தளர்ந்த கற்குவியலோ இருக்கலாம். பனிக்கட்டி மெலியும்போது புதிய இடங்களில் பிளவுகள் தெரிகின்றன, பழைய பாதைகள் செங்குத்தாகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ஜிபிஎஸ் தடத்தை யாராவது அனுப்பினால் அதைத் திசை தெரிந்துகொள்ள மட்டும் வையுங்கள், அந்தப் பருவத்தில் போய் வந்தவர்களிடம் கேட்டு, வரைபடத்தையும் சமீபத்திய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பார்க்வேயில் நவம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், அதன் பிறகும் எடுக்காதீர்கள். பனிச்சரிவை முன்கூட்டியே வெடிவைத்து இறக்க பார்க்ஸ் கனடாக்காரர்கள் சாலையை மூடுவார்கள், கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள், திரும்பும் நாளிலும் மூடியிருக்கலாம். லேக் லூயிஸில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு வடக்கே குளிர்காலத்தில் பெட்ரோல் பங்கை நம்ப முடியாது. வண்டியில் ஒரு சவல், ஜம்பர் கேபிள், மாற்று உடை, கொஞ்சம் சாப்பாடு. திரும்பி வந்ததும் நான்காம் வகைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், வண்டி ஓட்ட அது ரொம்ப இருட்டு. தூக்கம் வந்தால் லேக் லூயிஸில் நிறுத்தித் தூங்கிவிட்டுப் போங்கள்.